பெரணியில் கட்டிய கயிறு

தூளி ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

கூடத்து விட்டத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் மடித்துக் கட்டிய பருத்திப் புடவை. குழந்தையைப் போட்டதும் ஸ்பிரிங் நீண்டு, புடவையின் அடிப்பகுதி கீழே விரித்திருக்கும் பாயைத் தொட்டும் தொடாமலும் வந்து நிற்கும். இளா பிறந்த இந்த ஐந்து மாதத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை காலை, பாயை உருவி உதறுவதற்காக வித்யாலட்சுமி தூளிக்கு அடியில் கையை விட்டபோது, கை எதிலும் உரசாமல் மறுபக்கம் வந்தது. போன வாரம் புறங்கையில் புடவை உரசியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அவள் மண்டியிட்டு, பாய்க்கும் புடவைக்கும் நடுவில் விரலை நிறுத்திப் பார்த்தாள். தெருவில் கொத்தமல்லிக்காரரின் குரல், மாடியில் வீட்டுக்காரர் சேஷகிரியின் ரேடியோவில் கன்னடச் செய்தி, சமையலறையிலிருந்து காப்பி டிகாக்‌ஷன் வாசனை. எல்லாம் வழக்கம்போல் இருந்தன. தூளிக்குள் இளா வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அசைவுக்கு ஏற்ப ஸ்பிரிங் கிறீச், கிறீச் என்றது. அந்த ஒலி முன்பைவிட மெலிந்து, சற்று உயர்ந்த சுருதியில் கேட்டது.

"ஸ்பிரிங் இறுகியிருக்கும். சாயங்காலம் எண்ணெய் விடறேன்" என்றான் அவள் கணவன் கவியரசன், ஷூவை மாட்டிக்கொண்டே.

"நாளாக ஆக ஸ்பிரிங் தளரும் கவி. இறுகாது."

"அப்போ உன் பொண்ணு டயட்ல இருக்கா" என்று சிரித்துவிட்டு, பொம்மசந்திரா போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அவன் போனதும் சமையலறைத் தராசில் துணி விரித்து இளாவைக் கிடத்தினாள். ஐந்து கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு. போன மாதக் கடைசியில் ஆறு கிலோ நூறு. துணியை எடுத்துவிட்டு, தராசைப் பூஜ்யமாக்கி, மறுபடி வைத்தாள். அதே எண்.

வித்யா தாவரவியல் படித்தவள். பிரசவத்துக்கு முன் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். எதையும் அளந்து எழுதிவைப்பது அவளுக்குப் பழக்கம். அவளுடைய நோட்டில் வலப்பக்கம் இளாவின் எடை. இடப்பக்கம் பெரணிச் செடியின் அளவு.

பெரணி பின்கட்டில் நின்றது. பின்கட்டு என்பது பத்தடிக்கு இருபதடி இடம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் பாசி பிடித்த காம்பவுண்டு, மேலே பக்கத்து வீட்டு பட்டர் ஃப்ரூட் மரத்தின் குடை. மே மாத நடுப்பகலில்கூட அங்கே வெயில் விழாது. ரோஜா அழுகியது, துளசி வெளுத்தது. வேறு எதுவும் பிழைக்காத அந்த நிழலில் வளரக்கூடியது மரப்பெரணி ஒன்றுதான் என்று அவள் ஒருநாள் சும்மா சொன்னாள். போன ஜூனில் கவியின் நண்பன் ராம்கியின் சக்லேஷ்புரத் தோட்டத்தில் மண் சரிந்து, ஓடைக்கரையில் நின்ற பெரணி ஒன்று சாய்ந்தது. கவி அதன் தலையோடு இரண்டடியை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்கவைத்து சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தான். அப்போது அவளுக்கு இரண்டாம் மாதம்.

அதன் தண்டு மரம் அல்ல. வேர்களே ஒன்றோடொன்று பின்னி உண்டான கறுப்புத் தூண். இலை மட்கும் கரித்தூளும் கலந்து குழி நிரப்பி, தண்டைச் சுற்றித் தேங்காய் நார் கட்டி, நார் காயாமல் இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தாள். தண்ணீரை அடியில் அல்ல, உச்சியில் ஊற்ற வேண்டும். ஏழு மாதம் அது எதுவும் செய்யவில்லை. செத்துவிட்டது, பிடுங்கிப் போடம்மா என்றார் சேஷகிரி. ஜனவரியில் இளாவோடு மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று, பின்கதவைத் திறந்தவள், உச்சியின் பழுப்பு ரோமத்துக்குள் மூடிய கைபோல ஒரு சுருளைப் பார்த்தாள்.

மார்ச்சில் வீட்டு போர்வெல் வற்றியது. லாரித் தண்ணீரில் ஒரு சொட்டு வீணாக்க முடியாத கோடை. குழந்தையைப் பின்கட்டுத் துவைக்கிற கல்லருகே குளிப்பாட்டி, பயத்தமாவு கரைந்த அந்தத் தண்ணீர் பெரணிக்குப் போகும்படி சின்ன வாய்க்கால் வெட்டினாள். அது செழித்தது. ஒவ்வொரு சுருளாக எழுந்து இலையாக விரிந்தது. எது எப்போது வந்தது என்று தெரிய, சுருளின் கழுத்தில் நிறத்துக்கு ஒன்றாகக் கம்பளி நூல் கட்டுவாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்.

ஐந்தாவது சுருள் ஜூன் முதல் வாரம் வந்தது. கம்பளி நூல் தீர்ந்திருந்தது. அவளுடைய நைட்டிப் பையில், சற்றுமுன் இளாவின் மணிக்கட்டிலிருந்து வெட்டி எடுத்த கறுப்புக் கயிறு கிடந்தது. பிறந்த முப்பதாம் நாள் அம்மா தருமபுரியிலிருந்து வந்து கட்டியது. கை தடித்து, கயிறு பதிந்து, சிவந்த கோடு விழ ஆரம்பித்திருந்ததால் வெட்டிவிட்டுப் புதியது கட்டியிருந்தாள். பழையதில் வசம்புத் துண்டும் ஒரு கறுப்பு மணியும் இன்னும் இருந்தன. அதையே முடிச்சுப் போட்டுச் சுருளில் கட்டினாள். நோட்டில் எழுதினாள்: ஐந்தாவது, கறுப்பு.

பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ஒன்பது மணிக்கு ஆஞ்சலா வந்தாள். பச்சைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவள் தொழில். சிவாஜிநகரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, மணையில் உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டினாள். இளாவைக் காலின்மேல் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்த்தாள்.

"இன்னா கண்ணு, புள்ள பெத்த பாணந்தி மாரியா இருக்க? துரும்பா போயிட்ட. பால் பாப்பாக்குக் குடுக்கறியா, இல்ல அந்தச் செடிக்கே ஊத்திடறியா?"

வித்யா சிரித்தாள்.

ஆஞ்சலா குழந்தையைத் திருப்பிப் போட்டாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற, புதிய கயிறு மணிக்கட்டிலிருந்து வழுக்கி உள்ளங்கைக்கு வந்தது.

"யாரு கட்டனது இத? வளையல் மாரி ஆடுது."

"நான்தான்க்கா. அப்போ சரியாதான் இருந்துச்சு. ஒரு விரல்கூடப் போகல."

"பழசு எங்க?"

ஆஞ்சலாவின் தோளுக்குப் பின்னால் பெரணி நின்றது. மங்கிய பச்சை வெளிச்சத்தில் ஐந்தாவது சுருள் மற்ற இலைகளுக்கு மேலே கழுத்தை நீட்டியிருந்தது.

"குப்பையில போட்டுட்டேன்."

சொம்பு நின்றது. "குப்பையிலயா? எம்மெஸ்ஸி படிச்ச பொண்ணு. ஒடம்புல கெடந்த கயித்த ஓடற தண்ணில வுடணும், இல்ல ஆள் மெறிக்காத எடத்துல பொதைக்கணும். நான் வேதக்காரி, எனக்கே தெரியுது." பிறகு தானே சமாதானமானாள். "போவட்டும். வேற உசுரு மேல கட்டாத வரிக்கும் ஒண்ணியும் இல்ல."

தண்ணீர் வாய்க்காலில் வழிந்து பெரணியின் அடிக்குப் போனது.

இளா தூங்கிய பிறகு வித்யா கயிற்றை அவிழ்க்கப் போனாள். பயந்து அல்ல, பொய் சொன்னது உறுத்தியது. தண்டு வளரும்போது அதில் கட்டிய நூல் கட்டிய இடத்திலேயே கீழே தங்கிவிடும், சுருள் மட்டும் மேலே போகும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமும் அப்படித்தான் அடியில் கிடந்தன. கறுப்பு அங்கே இல்லை. அது சுருளோடு மேலே ஏறி, அறுபத்தோரு சென்டிமீட்டர் உயரத்தில், சுருளின் கழுத்திலேயே இருந்தது. பொன்பழுப்பு ரோமத்தை விலக்கினாள். கயிறு தண்டின் தோலுக்குள் பதிந்திருந்தது. அதன் இரு பக்கமும் தோல் புடைத்து, லேசாகச் சிவந்திருந்தது.

நகத்தை நுழைக்க இடமில்லை.

உள்ளே போய் நோட்டைப் பிரித்தாள். பன்னிரண்டு நாள். இடப்பக்கம் ஏறும் எண்கள். வலப்பக்கம், போன மாத எண்ணுக்குக் கீழே, அதைவிடச் சிறிய இன்றைய எண். இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. முதலாண்டு மாணவிக்கும் தெரிந்த பாடம். நோட்டை மூடினாள். அப்போதுதான் நைட்டியின் முன்பக்கம் நனைந்திருப்பதைக் கவனித்தாள். பால். ஒரு வாரமாக இளா அழுதாலும் சரியாகச் சுரக்காத பால். பெரணியருகே நின்றபோது வந்திருக்கிறது. ஊட்டும் நேரம் நெருங்கியிருக்கும், அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை டாக்டர் இளாவைத் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும் என்றார். கிளினிக்கின் தராசு ஐந்து கிலோ எழுநூறு காட்டியது. ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை சேர்த்துவிடுங்கள், வைத்துப் பார்ப்போம், அதற்குள் பயமாக இருந்தால் நேரே வாருங்கள் என்றார். அவர் குழந்தையின் கையைப் பிரிக்க முயன்றதை வித்யா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதமே விரிந்து, கிலுகிலுப்பையைப் பிடித்த கை. இப்போது மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே.

வியாழக்கிழமை ஆஞ்சலா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். இளாவைக் காலின்மேல் போட்டாள். முழங்காலைப் பிடித்து மெல்ல நீட்டினாள். விட்டதும் கால் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி நீட்டினாள். மறுபடி மடங்கியது. குப்புறத் திருப்பினாள். முதுகிலும் தோளிலும் எண்ணெய் தேய்த்த கை பாதியில் நின்றது.

"இது இன்னா?"

மெல்லிய ரோமம். பிறந்த அன்று இருந்து, முதல் மாதத்திலேயே உதிர்ந்துபோனது. மறுபடி முளைத்திருந்தது. பொன்பழுப்பு.

"முப்பது வருஷமா குளிப்பாட்டறேன்" என்றாள் ஆஞ்சலா, தாழ்ந்த குரலில். "கொழந்தைங்க நாளுக்கு நாள் விரியும் கண்ணு. இது சுருண்டுக்கினு போவுது."

அவள் குழந்தையைத் துவட்டி, வித்யாவின் கையில் கொடுத்தாள். திரும்பியபோது அவள் பார்வை பெரணியின் மேல் விழுந்தது. எழுந்து அருகில் போனாள். சுருளின் கழுத்தில் கறுப்பு மணி தெரிந்தது. கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு வித்யாவைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, எப்படி எடுக்கறது? சொல்லுங்க."

"எனக்கு இன்னா தெரியும்? இப்படி யாரும் செஞ்சி நான் பாத்ததில்ல." புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "நாளைலேந்து நான் வரல கண்ணு. கோச்சிக்காத. எம் பொண்ணுக்கு இது எட்டாம் மாசம்."

வாசல் கேட் மூடும் சத்தம் கேட்டது. பட்டர் ஃப்ரூட் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நேற்றைய மழை விழுந்தது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஈர மண்ணும் அழுகிய இலையும் பயத்தமாவும் கலந்த வாசனை. அதற்கு அடியில் வேறொன்று. பால் குடித்து முடித்த வாயின் வாசனை. அது கையிலிருந்த இளாவிடமிருந்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் சோதித்தாள்.

செய்யக் கூடாது என்று தெரிந்தது. தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. இளா தூளியில் தூங்கினாள். பின்கதவைத் திறந்து வைத்தாள். ஸ்பிரிங் சத்தம் தெளிவாகக் கேட்டது. முதலில் நான்காவது இலை, நீல நூல். அதன் சிற்றிலை ஒன்றை நகத்தால் கிள்ளினாள். காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. பிறகு ஐந்தாவது. சுருளுக்குக் கீழே முதலில் பிரிந்திருந்த இடப்பக்கச் சிற்றிலை. கிள்ளினாள்.

உள்ளே இளா வீறிட்டாள்.

வித்யா அசையவில்லை. அழுகை அடங்கும்வரை நின்றாள். மறுபடி நான்காவது. அமைதி. மறுபடி ஐந்தாவது. அலறல். ஒருமுறை தற்செயல். இருமுறையும் தற்செயலாகலாம். மூன்றாவது முறையும் செய்தாள். அந்த மூன்றாவது முறைக்காகத் தன்னை வாழ்நாள் முழுவதும் மன்னிக்க முடியாது என்று நினைத்தபடியே செய்தாள்.

ஓடிப்போய் இளாவைத் தூக்கினாள். இடது காலின் சுண்டுவிரலில் நகம் பதிந்த பிறை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று.

ஆகவே வெட்ட முடியாது. பிடுங்க முடியாது. கயிற்றை எடுக்க வேண்டும், தண்டில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். கழுத்தில் விழும் கீறல் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும்.

சுருளில் இன்னும் எத்தனை சுற்று மிச்சம் என்று எண்ணினாள். இரண்டரை. ஒரு நாளுக்கு ஒரு சுற்று பிரிகிறது. திங்கட்கிழமை காலையில் எதுவும் மிச்சமிருக்காது.

கவி அன்று ஏழரைக்கு வந்தான். தூளி இப்போது முழங்கால் உயரத்தில் தொங்கியது. அவன் சிரிக்கவில்லை, ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவில்லை. இளாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"இப்பவே ஆஸ்பத்திரி போலாமா?"

"கவி, அந்தப் பெரணி..."

"வித்யா, பாப்பா இப்படி இருக்கா. நீ எப்ப பாத்தாலும் அந்தச் செடிகிட்டதான் நிக்கறேன்னு சேஷகிரி சார் மாடியில இருந்து பாத்துட்டுச் சொல்றார்." இளாவின் மூடிய கையைத் தடவினான். "நாளைக்கு ஆடிட், அரை நாள்ல வந்துடறேன். ஒரு ரம்பம் வாங்கிட்டு வந்து மொதல்ல அத வெட்டித் தூக்கி எறியறேன். அப்புறம் மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"தொடாத!"

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. மாடியில் ரேடியோ நின்றது. என்ன சொல்வது? நம் குழந்தையின் கயிற்றை நான் அதன் கழுத்தில் கட்டிவிட்டேன் என்றா? கிள்ளிப் பார்த்தேன் என்றா? கவி அவளைப் பார்த்த பார்வையில் அவள் மேலேயே ஒரு சந்தேகம் இருந்தது. கை நீட்டி இளாவை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை. மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது.

பட்டர் ஃப்ரூட் இலைகளில் இறங்கி, காம்பவுண்டுப் பாசியில் வழிந்து, தேங்காய் நாரில் ஊறி, பின்கட்டு முழுக்க ஒரே ஒலியாக நிறைந்த மழை. பெரணிக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. கவி ஆறரைக்கே போயிருந்தான். இளா பால் குடிக்கவில்லை. மோவாய் நெஞ்சில் புதைந்திருந்தது. முழங்கால்கள் மோவாயைத் தொட்டன. விரித்துப் பார்க்க முயன்றால் முனகினாள். தராசை எடுக்க வித்யாவுக்குத் தைரியம் வரவில்லை.

பத்து மணிக்குச் சுருளில் ஒரு சுற்று.

ஒன்றரை அல்ல. ஒன்று. மழை.

ஆட்டோவுக்குப் பதிவு செய்தாள். ஏழு நிமிடம் என்றது போன். குழந்தையைப் போர்வையில் சுற்றி, குடை பிடித்து, வாசல் கேட்டுவரை போனாள். இளாவின் மூச்சு நின்றது. காதை வைத்துக் கேட்டாள். நின்றிருந்தது. இரண்டடி பின்னால் வந்தாள். ஒரு மெல்லிய இழுப்பு. கூடத்துக்குள் வந்தாள். மூச்சு வந்தது. புதன்கிழமை டாக்டரிடம் போனபோது இப்படி இல்லை. மறுபடி கேட் வரை போய்ப் பார்க்கவில்லை. மூன்று முறை தேவைப்படவில்லை.

கவிக்குப் போன் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப். ஆடிட்.

இளாவைத் தூளியில் விட்டாள். ஸ்பிரிங் அவளுக்காக நீளவே இல்லை.

வெந்நீர் வைத்தாள். விரலில் மாட்டிய மோதிரத்தை எப்படி எடுப்பார்கள்? எண்ணெய். வெந்நீர். பொறுமை. நல்லெண்ணெய்க் கிண்ணமும் சொம்பும் நகவெட்டியும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆஞ்சலாவைப் போலக் கால் இரண்டையும் நீட்டினாள். தண்டை மெல்ல, மிக மெல்ல வளைத்துச் சுருளைக் காலின்மேல் கிடத்தினாள்.

கனமாக இருந்தது.

இளா ஒரு மாதம் முன்பு இருந்த கனம்.

கையளவு வெந்நீர் எடுத்துக் கழுத்தில் விட்டாள். சூடு சரியா என்று முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். எண்ணெய் தடவினாள். ரோமத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, புடைத்த தோலைக் கட்டைவிரலால் நீவினாள். ஒரு மணி நேரம். இரண்டு. மழை மேலே கொட்டியது, இலைகளின் குடைக்குள் அவள் மேல் ஒரு துளி விழவில்லை. தோல் கொஞ்சம் இளகியது. மணி அசைந்தது. வசம்பு அசைந்தது.

சுருள் பிரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. அரைச்சுற்று. அவள் இடது உள்ளங்கையால் அதை மூடிப் பிடித்தாள். போகாதே. கொஞ்சம் இரு. உள்ளங்கையை அது எதிர்த்து உந்தியது. வயிற்றில் ஏழாம் மாதம் உந்தியதுபோல.

தூளியின் சத்தம். கிறீச். நீண்ட நேரம் கழித்து, கிறீச்.

மூன்றரை மணி. நகம் கயிற்றுக்கு அடியில் நுழைந்தது.

தோலுக்குள் இறங்கவில்லை, கீறவில்லை. நுழைந்தது. கயிற்றை நூலளவு தூக்கினாள். சுருளை மூடியிருந்த இடது கையை எடுத்து, நகவெட்டியின் முனையை வைத்தாள். தெருவில் வண்டி நிற்கும் சத்தம். வாசல் கேட். கவி. இன்னும் ஒரு நிமிடம். வெட்டினாள்.

அறுந்தது.

கறுப்புக் கயிறு, மணியோடும் வசம்போடும், அவள் மடியில் விழுந்தது. தண்டில் ஒரு கீறல் இல்லை. முடிந்தது. வித்யா அழுதாள். வாய்விட்டு, சிரிப்பும் அழுகையுமாக. எடுத்துவிட்டேன் இளா. எடுத்துவிட்டேன்.

காது கொடுத்துக் கேட்டாள்.

ஸ்பிரிங் சத்தம் இல்லை.

முன்கதவு திறந்தது. கூடத்தில் ஷூ கழற்றும் ஓசை. இரும்பு ஏதோ தரையில் வைக்கப்படும் ஓசை. ரம்பம்.

"வித்யா? பாப்பா தூங்கறாளா?"

அவன் கூடத்தைக் கடப்பது கேட்டது. புடவையை விலக்குவது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. மழை மட்டும்.

அவள் எழ நினைத்தாள். மடியில் இருந்தது முழுதாகப் பிரிந்திருந்தது. நுனியில் ஐந்து சிற்றிலைகள். மெல்லியவை. ஈரமானவை. அவை அவளுடைய ஆள்காட்டி விரலைத் தேடின. தொட்டன. சுற்றி மூடிக்கொண்டன.

பிடி.

தெரிந்த பிடி. எவ்வளவு அழுத்தம், எந்த விரல் முதலில் மடங்கும், எல்லாம் தெரிந்த பிடி.

"வித்யா." கவியின் குரல் அவனுடையதாக இல்லை. "தூளியில என்ன இது? காஞ்ச சருகு மாதிரி... சுருண்டு... வித்யா, இளா எங்க?"

பசித்த ஒன்று அவள் விரலைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தது. ரம்பம் தரையை விட்டு எழும் சத்தம் கேட்டது. காலடிகள் சமையலறையைத் தாண்டி வந்தன. பெரணியின் மேல் குனிந்து அதைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டபோது, நைட்டியின் முன்பக்கம் சூடாக நனைந்து பரவுவதை உணர்ந்தாள்.